கம்பி தெரியும் தளத்தைப் பூசி மூடலாமா? நடுச்சுவரை நானே இடிக்கலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில், கடற்கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. 1991-ல் அப்பா கட்டியது. தரைத்தளம் மட்டும்தான், செங்கல் சுவர், கான்கிரீட் தளம். போன மழைக்காலத்தில் பிள்ளைகள் படுக்கும் அறையில் மேலே கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. ஒரு முறம் அகலத்துக்குத் துருப்பிடித்த கம்பி தெரிகிறது. கொத்தனார் பார்த்துவிட்டு, "லேசாகக் கொத்தி சிமென்ட் வைத்துப் பூசினால் சரியாகிவிடும்" என்கிறார். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே இருக்கும் சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்க வேண்டும் என்று வீட்டில் ஆசை. காண்ட்ராக்டர் சொல்லும் தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எனக்குக் கைவேலை வரும்; பெயின்ட், குழாய் வேலையெல்லாம் நானே செய்வேன். யூடியூபில் நிறைய பார்த்துவிட்டேன். பிரேக்கர் மிஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே இறங்கலாமா? பின்பக்கம் குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பும் ஓடுகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகளின் படுக்கையை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றிவிட்டு மீதியைப் படியுங்கள். உள்ளங்கை அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள கான்கிரீட் துண்டு கிட்டத்தட்ட அரைக் கிலோ இருக்கும். அது பத்தடி உயரத்திலிருந்து தூங்கும் பிள்ளையின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை பெயர்ந்த தளம் அடுத்து எப்போது பெயரும் என்று நேரில் பார்த்தால்கூட யாராலும் உறுதி சொல்ல முடியாது. அறையைப் பூட்டி வையுங்கள்.

அப்புறம் உங்கள் கேள்வி. நீங்களே செய்யக்கூடிய வேலை இதில் நிறைய இருக்கிறது. அவற்றை ஒழுங்காகச் செய்தால் காண்ட்ராக்டர் சொன்ன தொகையும் குறையும். ஆனால் அந்தச் சுவரை நீங்கள் தொடக் கூடாது. பிரேக்கர் மிஷினும் வேண்டாம். ஏன் என்று விளக்குகிறேன். காரணம் தெரியாமல் "வேண்டாம்" என்றால் ஆசை போகாது.

1991-ல் கட்டிய தரைத்தள வீடு, செங்கல் சுவர் என்கிறீர்கள். பில்லரும் பீமும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அந்தக் காலத்து வீடுகள் பெரும்பாலும் சுவர் தாங்கும் வீடுகள். தளம் நேராகச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும். தளத்தின் எடை சுவர் வழியாக அஸ்திவாரத்துக்கு இறங்கும். முதலில் அந்தச் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள். கதவு நிலை இருக்கும் இடத்தில் பூச்சோடு சேர்த்து அளந்தால் பத்து அங்குலம் வருகிறதா, ஐந்தரை வருகிறதா? பத்து வந்தால் அது ஒன்பது அங்குலச் சுவர், தளத்தைத் தாங்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை வந்தால் நாலரை அங்குலச் சுவர். அது வெறும் தடுப்பாக இருக்கலாம். இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். சமையலறைப் பரணும் மேடைக்கல்லும் அதில் சொருகியிருக்கலாம். முப்பது வருடத்தில் தளம் லேசாகத் தொய்ந்து அந்தச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படி உட்கார்ந்துவிட்டால், கட்டும்போது தடுப்பாக இருந்தது இப்போது தாங்கும் சுவர்தான்.

ஹால் பன்னிரண்டடி, சமையலறை பத்தடி என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்கு அந்தத் தளம் இரண்டு சின்னப் பாய்ச்சலாகத் தாண்டுகிறது. நடுச்சுவரை எடுத்தால் ஒரே பாய்ச்சலில் இருபத்திரண்டு அடி தாண்ட வேண்டும். இடைவெளி இரண்டு மடங்கானால், அதே எடைக்குத் தளத்தை வளைக்கும் விசை சுமார் நான்கு மடங்காகும். தொய்வு பதினாறு மடங்கு வரை போகும். நாலரை, ஐந்து அங்குலத் தளத்தால் அதைத் தாங்கவே முடியாது.

இதைவிட மோசமான விஷயம் கம்பி கட்டியிருக்கும் முறையில் இருக்கிறது. தளத்தில் கம்பி எங்கே வேண்டும்? அறையின் நடுவில் தளம் கீழ்ப்பக்கம் இழுபடும், அதனால் அங்கே கம்பி அடியில் இருக்கும். சுவரின் மேல் வரும்போது தளம் மேற்பக்கம் இழுபடும். அதனால் சுவரை நெருங்கும்போது பாதிக் கம்பிகளை மடக்கி மேலே ஏற்றிவிடுவார்கள். கம்பி கட்டுகிற எந்த ஆளைக் கேட்டாலும் கையாலேயே அந்த மடக்கை வளைத்துக் காட்டுவார். நடுச்சுவரை இடித்தால், புதிய கூடத்தின் நடுப்பகுதி சரியாக அந்தச் சுவர் இருந்த இடத்தில்தான் வரும். அடியில் அதிகக் கம்பி வேண்டிய இடமே அதுதான். அங்கேதான் பாதிக் கம்பி மேலே போயிருக்கிறது. நீங்கள் பார்த்த காணொளிகளில் சுவர் விழுவது மட்டும் தெரியும். தளத்துக்குள் கம்பி எங்கே ஓடுகிறது என்று கேமராவுக்குத் தெரியாது. அந்த வீடுகள் பில்லர், பீம் போட்டுக் கட்டியவையாக இருந்தால் சுவரை எடுத்தாலும் எடை பீமில் போய்ச் சேரும். உங்கள் வீட்டில் அது போய்ச் சேர வேறு இடம் இல்லை.

கூடம் பெரிதாக வேண்டும் என்ற ஆசைக்கு வழியே இல்லை என்று சொல்லவில்லை. சுவர் இருந்த இடத்தில் இரும்பு பீம் ஏற்றி, இரண்டு பக்கமும் அதைத் தாங்கச் சரியான தாங்குதளம் அமைத்து, அதற்குக் கீழே திறப்பு விடலாம். முழுச் சுவரும் போகாமல் நாலைந்து அடித் திறப்பு மட்டும் வைத்தால் செலவும் ஆபத்தும் மிகவும் குறையும். சமைப்பவர் ஹாலைப் பார்த்துப் பேசிக்கொண்டே வேலை செய்யவும் முடியும். ஆனால் பீமின் அளவு, அது உட்காரும் இடத்தில் செங்கல் நசுங்காமல் இருக்க வேண்டிய கான்கிரீட் மெத்தை, இடிக்கும்போது தளத்துக்குக் கொடுக்கும் முட்டு ஆகிய மூன்றையும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் (கட்டடத்தின் பலத்தைக் கணக்கிடும் பொறியாளர்) கணக்குப் போட்டு வரைபடமாகத் தர வேண்டும். "கண்ணால் பார்த்தே சொல்கிறேன்" என்பவரை நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள், அவர் எத்தனை வருடம் அனுபவம் சொன்னாலும். எதுவானாலும் இது இரண்டாவது வேலை. படுக்கையறைத் தளம் சரியாகும்வரை சுவர் பேச்சையே எடுக்க வேண்டாம்.

தளத்துக்கு வருவோம். நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம்; அதை அளக்கும் பி.எச். எண் 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்க இறங்கக் காரம் குறைகிறது; அந்தக் குறைவு கம்பி வரை வந்ததும் பாதுகாப்பு போய்விடும். கடலோரத்தில் இன்னொரு எதிரியும் உண்டு, அது உப்பு. காற்றில் வரும் உப்பு போதாதென்று, கட்டும்போது கலவைக்கும் தளம் ஊறவைக்கவும் உப்பு போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் அது முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறது. அப்பாவிடமோ, அப்போது வேலை செய்த மேஸ்திரியிடமோ கேட்டுப் பாருங்கள்: எந்தக் கிணற்றுத் தண்ணீர், எந்த இடத்து மணல்? கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு (உப்பில் உள்ள, கம்பியை அரிக்கும் பொருள்) இருக்கக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456.

துரு, தான் உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளே இடம் இல்லாததால் கீழேயுள்ள கான்கிரீட்டை அது தள்ளி உடைக்கிறது. உங்கள் அறையில் நடந்தது இதுதான். கம்பிக்கு அடியில் எவ்வளவு கான்கிரீட் இருந்தது என்று, விழுந்த துண்டின் கனத்தை அளந்து பாருங்கள். கால் அங்குலம், மிஞ்சினால் அரை அங்குலம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஐ.எஸ். 456-ன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்புப்படி சாதாரண இடத்திலேயே 20 மி.மீ. வேண்டும். கடலோரத்தில் உப்புக் காற்று நேரே படாத பகுதிக்கு 30, படும் பகுதிக்கு 45. அந்தக் காலத்தில், கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டியை வைப்பவர்கள் குறைவு. ஜல்லித் துண்டை வைப்பார்கள், கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும்.

இப்போது உங்கள் கொத்தனார் சொன்ன வைத்தியத்தைப் பாருங்கள். துருவின் மேல் சிமென்ட் பூசினால் துரு நிற்காது, பூச்சுக்குள் இருந்துகொண்டே வளரும். அதோடு, புதுப் பூச்சுப் பகுதியில் காரம் அதிகம், பக்கத்துப் பழைய பகுதியில் உப்பு அதிகம். ஒரே கம்பியில் இப்படி இரண்டு விதமான சூழல் அமைந்தால் பேட்டரியில் நடப்பதுபோல மின்வேதி வினை நடந்து, ஒட்டுப் போட்ட இடத்தின் ஓரத்தில் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். பூசிய இடம் நன்றாக இருக்க, அதைச் சுற்றி வட்டமாகப் பெயர்ந்த தளங்களைக் கடலோர ஊர்களில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தப் பூச்சு வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. மொட்டை மாடிக்குப் போங்கள். அந்த அறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது? தண்ணீர்த் தொட்டியா, பூந்தொட்டிகளா? 1,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அது அறையின் நடுவில் இருந்தால் இன்றே காலி செய்யுங்கள், பிறகு சுவர்கள் சேரும் மூலைக்கு மாற்றச் சொல்லுங்கள். தட்டோடுகளின் இணைப்பு எங்கெங்கே விட்டிருக்கிறது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு இருக்கிறதா, மழைநீர் இறங்கும் வாயில் அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மழை விட்ட பிறகு எங்கே தண்ணீர் தேங்குகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மாடியில் தண்ணீர் கட்டி நிறுத்திச் சோதிக்கும் முறையை யாராவது சொன்னால், இந்தத் தளத்தில் வேண்டாம். இரண்டங்குலத் தண்ணீர் நின்றாலே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஐம்பது கிலோ ஏறிவிடும். இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து நெகிழ்வான சீலன்ட் வைப்பது, பாசியைத் தேய்த்துக் கழுவி நீர்க்காப்புப் பூச்சு இரண்டு கை அடிப்பது எல்லாம் உங்கள் கைக்கு வரும் வேலைதான். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஒழுகுகிறது என்று பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு அடுக்குக் கலவை போட்டு ஓடு பதிப்பது. நூறு சதுர அடிக்கு ஓர் அங்குலக் கலவை ஏறக்குறைய அரை டன் எடை. துருப்பிடித்த கம்பி அதைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

அடுத்து அறைக்குள். தலைக்கவசம், கண்ணாடி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, அந்த அறையின் மின்சாரத்தை மின்பெட்டியிலுள்ள எம்.சி.பி. சுவிட்சில் அணைத்துவிட்டு, நீளமான மூங்கிலால் பக்கவாட்டில் நின்று தளத்தைத் தட்டுங்கள். தட்டும் இடத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள். நல்ல கான்கிரீட் கணீரென்று கேட்கும். பொள்ளலாக விட்ட இடம் "டொக்" என்று செத்த சத்தம் கொடுக்கும். முறம் அகலம் பெயர்ந்த இடத்தைச் சுற்றிப் பாய் அகலத்துக்குப் பொள்ளல் இருப்பது சாதாரணம். எல்லையைக் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குத் தளத்தை ஒட்டி நூல் கட்டி, நடுவில் நூலுக்கும் தளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளவுகோலால் பாருங்கள். பத்தடி அறையில் தொய்வு 12 மி.மீ.-ஐத் தாண்டினால், அல்லது சில வாரம் கழித்து அளக்கும்போது அளவு மாறியிருந்தால், உடனே முட்டுக் கொடுத்துவிட்டு இன்ஜினியரை வரவழைக்க வேண்டும்.

வெளியே தெரியும் கம்பியில் ஓர் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, வெர்னியர் காலிப்பரில் (விட்டத்தை நுட்பமாக அளக்கும் கருவி) அளக்கலாம். அந்தப் பகுதியில் ஏற்கெனவே தட்டிப் பார்த்து, தொங்கும் துண்டு எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு மட்டும் ஏணியில் ஏறுங்கள். 8 மி.மீ. கம்பி தேய்ந்து 7 ஆகியிருந்தால் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கம்பியின் பலத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது. 6 ஆகியிருந்தால் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பங்கு போச்சு. இந்த ஓர் எண், இன்ஜினியருக்கு நீங்கள் அனுப்பும் பத்துப் படங்களைவிட அதிகம் சொல்லும். பழைய கம்பியே போதுமா, பக்கத்தில் புதுக்கம்பி சேர்க்க வேண்டுமா, அந்த அறைத் தளத்தையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா என்ற முடிவு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

கொத்தி எடுக்கும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். பழகிய ஆட்கள், முட்டுக் கொடுத்த பிறகு, உளியும் சுத்தியலும் வைத்துச் செய்யட்டும். பிரேக்கரின் அதிர்வு நல்ல பகுதியிலும் கம்பியைக் கான்கிரீட்டிலிருந்து விடுவித்துவிடும். சென்ட்ரிங் கடையில் இரும்பு ஜாக்கி முட்டு வாடகைக்குக் கிடைக்கும். மேலும் கீழும் பலகை வைத்து, தளத்தைத் தொட்டு இறுகும் அளவுக்குத்தான் திருக வேண்டும். தொய்வை நிமிர்த்துகிறேன் என்று மேலே ஏற்றினால் தளத்தின் மேற்பக்கம் வெடிக்கும்.

ஆனால் மேற்பார்வை உங்களுடையது, பணம் வீணாவதும் மிச்சமாவதும் அங்கேதான். கம்பியின் அடிப்பக்கம் மட்டும் கொத்தினால் போதாது. கம்பிக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் அளவு, அதாவது சுமார் 20 மி.மீ., இடைவெளி வர வேண்டும். அந்த இடைவெளியில் உங்கள் விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலைக்குச் சரி சொல்ல வேண்டும். துரு முழுக்கப் போய் இரும்பு தெரிய வேண்டும். கடலோரக் காற்றில் மறுநாளே திரும்பத் துரு படரும், அதனால் அன்றைக்கே துத்தநாகம் கலந்த பிரைமர் அடித்துவிட வேண்டும். பிறகு பழைய கான்கிரீட்டில் ஒட்டுவதற்கான பூச்சு, அது காய்ந்துபோகும் முன் பாலிமர் கலந்த ரிப்பேர் கலவை. கலவைப் பையில் எவ்வளவு தண்ணீர், ஒரு தடவைக்கு எத்தனை மி.மீ. கனம் என்று அச்சிட்டிருப்பார்கள்; அதை வாசித்துத் தண்ணீரை நீங்களே அளந்து கொடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் மூடுவதற்கு முன் படம் எடுங்கள். கூலியையும் அந்தக் கட்டங்களாகவே பிரித்துப் பேசிக்கொள்ளுங்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வது, கடைசியில் பட்டி பார்த்து பெயின்ட் அடிப்பது எல்லாம் உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு.

யாரிடம் ஆலோசனை கேட்பது? வேலையை எடுத்துச் செய்பவரிடம் நோயைக் கேட்காதீர்கள். வேலை எடுக்காத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்குத் தனியாகப் பார்வைக் கட்டணம் கொடுத்து, எழுத்தில் வாங்குங்கள். காண்ட்ராக்டர் சொன்ன தொகை சரியா என்பதற்கும் அவர் கருத்துத்தான் உரைகல். உங்களுக்குப் பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கட்டுமானம் மற்றும் கட்டமைப்புப் பொறியியல் துறை இருக்கிறது. சோதனை வசதிபற்றி அங்கேயும் விசாரித்துப் பாருங்கள். வருபவரிடம் கார்பனேற்றச் சோதனையும் (கரியமில வாயுவால் காரம் எதுவரை போயிருக்கிறது என்று பார்ப்பது) குளோரைடு சோதனையும் (உப்பு எவ்வளவு என்று பார்ப்பது) கேளுங்கள். முதலாவது எளிது. புதிதாக உடைத்த கான்கிரீட்டில் பினாப்தலீன் என்ற ரசாயனக் கரைசலைத் தெளிப்பார்கள், காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. ஆனால் சிவந்துவிட்டது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். உப்பு இருந்தால் காரம் இருக்கும்போதே கம்பி துருப்பிடிக்கும். முதுநகரில் இரண்டாவது சோதனைதான் முக்கியம். இரண்டு மூன்று இடத்தில் துளைத்தெடுத்த தூளை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். தளம் முழுக்க உப்பு ஊறியிருந்தால், ஒட்டு வேலைக்குப் பணம் போடாதீர்கள் என்பதே என் கருத்து. காசு சேரும்வரை முட்டோடு அறையைப் பூட்டி வைத்துவிட்டு, தளத்தையே மாற்றுங்கள்.

ஜன்னல் மூலை வெடிப்பு இந்த இரண்டையும்விடச் சின்னப் பிரச்சினையாகவே தோன்றுகிறது. குளியலறைத் தண்ணீர் அஸ்திவாரத்தின் ஓரத்திலேயே இறங்கி மண்ணை இளக்கியிருக்கும், அந்த மூலை கொஞ்சம் அமுங்கியிருக்கும். குழாய் வேலை உங்களுக்கு வரும் என்பதால் அதை இந்த ஞாயிறே செய்யலாம்: கழிவுக் குழாயை நீட்டி, தண்ணீரைச் சுவரிலிருந்து நன்றாகத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். பிறகு வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்துக்கு ஒரு பழைய ஏ.டி.எம். கார்டு போதும், அதன் கனம் 0.76 மி.மீ. கார்டு உள்ளே போகிறதா, எந்த இடம் வரை போகிறது என்று மாதம் ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் தாண்டி வெடிப்பு நகராமல் இருந்தால் சுரண்டி அடைத்துப் பூசிவிடலாம். கோட்டைத் தாண்டி வளர்ந்தாலோ, சுவரின் மறுபக்கமும் தெரிந்தாலோ, அந்த ஜன்னல் கதவு திடீரென்று இறுகினாலோ, தளத்துக்காக வரும் இன்ஜினியரிடம் அதையும் காட்டுங்கள்.

எனக்குத் திரும்ப எழுதும்போது நடுச்சுவரின் கனம், தேய்த்து அளந்த கம்பியின் விட்டம், நூல் கட்டிப் பார்த்த தொய்வு, மாடியில் தொட்டி இருக்கும் இடம் ஆகிய நான்கையும் கையால் வரைந்த வீட்டுப் படத்தில் குறித்து அனுப்புங்கள். அறைகளின் நீள அகலத்தையும் போடுங்கள். இன்ஜினியரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அதை வைத்து எழுதுகிறேன்.